இரவிலிருந்து கணக்குப் போடுங்கள்: வீட்டுச் சோலாரும் பேட்டரியும்

2025 பிப்ரவரி 9 அன்று முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் தொடக்கம் என்று அரசுத் தரப்பு சொல்ல, செய்தி உலகெங்கும் சிரிப்பாய்ப் பரவியது. அந்தச் சிரிப்பில் ஒரு விஷயம் அமுங்கிவிட்டது. அந்தத் தீவின் கூரைகளில் சூரியப் பேனல்கள் ஏராளம். நேரமோ நடுப்பகலை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் பேனல் உள்ள வீடுகளில் பெரும்பாலானவற்றில் மின்விசிறி ஓடவில்லை. பேனல்களில் பழுது ஏதும் இல்லை. கிரிட்டோடு இணைந்த சாதாரணச் சோலார் இன்வெர்ட்டர், கிரிட் நின்றால் தானும் நிற்கும்படியே வடிவமைக்கப்பட்டது. தவில் தாளத்துக்கு ஆடும் காவடி போல, மின்வாரியக் கம்பியில் வரும் 50 ஹெர்ட்ஸ் துடிப்பைப் பிடித்துக்கொண்டுதான் அது வேலை செய்கிறது. தாளம் நின்றால் ஆட்டமும் நிற்கும். இதற்குப் பாதுகாப்புக் காரணமும் உண்டு. தெருவில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியர்மீது, ஏதோ ஒரு மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது.

பிரதமர் சூரிய வீடு திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டு மொட்டை மாடிகளில் ஏறும் பேனல்களில் பெரும்பகுதி இந்த வகைதான். 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 என்று வரும் மானியம், கிரிட்டோடு இணைந்த அமைப்புக்கு உரியது. மின்கட்டணத்தைக் குறைக்க அது நல்ல ஏற்பாடு. கரண்ட் கட்டுக்கு அது மருந்தல்ல. மருந்து வேண்டுமானால் பேட்டரி வேண்டும். கிரிட் போனதும் வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து துண்டித்துக்கொண்டு, தானே துடிப்பை உண்டாக்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் வேண்டும். அதைத் தன் கையால் அமைத்துக்கொள்ளும் ஆசை இப்போது பலருக்கும் வந்திருக்கிறது. ஆசையில் தவறில்லை. ஆனால் எதைத் தன் கையால் செய்வது என்பதில்தான் பலர் தலைகீழாக யோசிக்கிறார்கள். கணக்கை விற்பனையாளரிடம் விட்டுவிட்டு, ஸ்பேனரை மட்டும் தாங்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பேனலை முடுக்கும் கூலி மொத்தச் செலவில் சிறு பகுதி. அதை மிச்சம் பிடித்துப் பெரிய லாபம் இல்லை. பிழையான கணக்கால் போகும் பணமோ பல மடங்கு. வீட்டுக்காரர் வேறு யாரிடமும் விடக் கூடாத வேலை கணக்குதான். அந்தக் கணக்கைப் பகல் வெயிலிலிருந்து தொடங்காமல், இரவின் தேவையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு நடுத்தர வீட்டை எடுத்துக்கொள்வோம். மாலை 6 மணியிலிருந்து காலை 6 மணி வரை எது ஓடுகிறது? பழைய வகை மின்விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். நான்கு விசிறிகள் எட்டு மணி நேரம் சுற்றினால் 2.4 யூனிட். அவற்றையே பிஎல்டிசி விசிறிகளாக மாற்றினால் ஒவ்வொன்றும் 28 வாட்டில் அதே காற்றைத் தரும், மொத்தம் 0.9 யூனிட். ஐந்து எல்இடி விளக்குகள் ஐந்து மணி நேரம் எரிந்தால் கால் யூனிட்டுக்குள் அடங்கும். தொலைக்காட்சி, இணைய ரௌட்டர் இரண்டும் சேர்ந்து 0.4-க்குள். ஃபிரிட்ஜ் இரவுப் பங்காக அரை யூனிட் எடுக்கும். ஆக, பிஎல்டிசி விசிறி உள்ள வீட்டின் இரவுத் தேவை ஏறக்குறைய 2 யூனிட். பழைய விசிறி உள்ள வீட்டுக்கு மூன்றரை. அந்த ஒன்றரை யூனிட் வித்தியாசத்தை ஈடுகட்டக் கூடுதல் பேட்டரி வாங்குவதைவிட நான்கு விசிறிகளை மாற்றுவது எவ்வளவோ மலிவு. பேட்டரிக் கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். அவர் விற்பது விசிறி அல்லவே. இந்தப் பட்டியலில் ஒன்றரை டன் ஏசியைச் சேர்த்துப் பாருங்கள். எட்டு மணி நேரத்துக்கு ஆறு யூனிட் வரை அது ஒன்றே விழுங்கும். பேட்டரியை மூன்று, நான்கு மடங்காக்க வேண்டிவரும். ஆகவே வீட்டுச் சுற்றை இரண்டாகப் பிரிக்க வேண்டும். விசிறி, விளக்கு, ஃபிரிட்ஜ், ரௌட்டர் போன்ற அத்தியாவசியங்கள் பேட்டரிப் பக்கம். ஏசி, கீசர், தண்ணீர் மோட்டார் ஆகியவை கிரிட் பக்கம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது இழுப்பது ஏறத்தாழ ஒரு கிலோவாட்தான். ஆனால் தொடங்கும் கணத்தில் அதுபோல ஐந்தாறு மடங்கு கேட்கும். அந்த ஒரு கணத்துக்காக இன்வெர்ட்டரைப் பெரிதாக்குவது வீண்.

பெரிதாகவே போட்டுவைத்தால் பின்னால் உதவுமே என்று கேட்கலாம். நம் ஊரில் எதையும் ஒரு சுற்றுப் பெரிதாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று பெயர். இன்வெர்ட்டர் விஷயத்தில் அது செல்லாது. லோடு எதுவும் இல்லாவிட்டாலும், விழித்திருப்பதற்கே இன்வெர்ட்டர் கொஞ்சம் மின்சாரம் தின்னும். 5 கிலோவாட் ஹைபிரிட் ஒன்று சும்மா இருக்கும்போதே 50 வாட் எடுத்தால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட். மேலே சொன்ன நான்கு பிஎல்டிசி விசிறிகளின் இரவுச் செலவைவிட இது அதிகம்! அத்தியாவசிய லோடுகள் எல்லாம் ஒருசேர ஓடி, அந்த நேரம் பார்த்து யாரோ மிக்ஸி போட்டாலும் 1,200 வாட்டைத் தாண்டாத வீட்டுக்கு 3 கிலோவாட் இன்வெர்ட்டர் தாராளம். விவரத்தாளில் வாட் எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் ‘லோடு இல்லாத செலவு’ என்ற வரியைத் தேடிப் படியுங்கள். இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு, மாற்றத்தில் வீணாகும் பத்தில் ஒரு பங்கு எல்லாம் சேர்த்தால் நம் 2 யூனிட் இரவு, பேட்டரியிடம் இரண்டரை யூனிட்டுக்குச் சற்று மேலே கேட்கும்.

இனி பேட்டரி. தமிழ்நாட்டு வீடுகளுக்குப் பழக்கமானது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் ஈய அமில பேட்டரி. 2012 வாக்கில் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் கட் இருந்த காலத்தில் வீடு வீடாக வந்து சேர்ந்தது அதுதான். பெயருக்கு 1.8 யூனிட் கொள்ளும். ஆயுள் வேண்டுமென்றால் பாதிக்குமேல் எடுக்கக் கூடாது. எடையும், தண்ணீர் ஊற்றும் வேலையும் எல்லோருக்கும் தெரிந்த குறைகள். தெரியாத குறை ஒன்று உண்டு: அது மெதுவாகத்தான் நிறையும். கடைசி ஐந்தில் ஒரு பங்கை நிரப்பப் பல மணி நேரம் பிடிக்கும். கிரிட்டில் சார்ஜ் ஆகும்போது பிரச்சினையில்லை, இரவெல்லாம் ஏறும். சூரியன் உருப்படியாகக் கிடைப்பதோ நாளுக்கு ஐந்தாறு மணி நேரம். நாள்தோறும் முழுதாய் நிறையாமல் கிடக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். பேட்டரி சீக்கிரமே சோர்ந்துபோகும். எப்போதாவது வரும் கரண்ட் கட்டுக்கு ஈய அமிலம் இன்றும் மோசமில்லை. நாள்தோறும் சோலாரில் ஏறி இறங்கும் வேலைக்கு அது தோதல்ல. அதற்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பொருத்தம். 1990-களின் பிற்பாதியில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப்பின் குழு முன்வைத்த வேதியியல் இது. கைபேசியில் இருக்கும் லித்தியம் வகைகளைவிட எளிதில் தீப்பற்றாது. ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கும். 16 செல்களைத் தொடராக இணைத்த 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 5.12 யூனிட் இருக்கும். ஐந்தில் நான்கு பங்கை எடுத்தாலும் நம் வீட்டின் ஒரு இரவும், மறுநாள் மேகமூட்டமான காலையும் கடந்துவிடும். 12 வோல்ட்டை விட்டு 48 வோல்ட் வகைக்கு வருவதில் இன்னொரு லாபமும் உண்டு. 1,000 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 83 ஆம்பியர் ஓட வேண்டும். 48-இல் 21 போதும். ஒயரில் வீணாகும் வெப்பம் ஆம்பியரின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், அதே ஒயரில் இழப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

பழைய இன்வெர்ட்டரையே வைத்துக்கொண்டு பேட்டரியை மட்டும் லித்தியத்துக்கு மாற்றலாமா? அந்த இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கான தேர்வு இருந்தால் மட்டும். ஈய அமிலத்துக்கு அவ்வப்போது தரப்படும் மிகை வோல்ட்டேஜ், லித்தியம் செல்லின் 3.65 வோல்ட் வரம்பை மீறும்; உள்ளே இருக்கும் மேலாண்மைச் சுற்றான பிஎம்எஸ் இணைப்பைத் துண்டித்துவிடும். துண்டிக்காவிட்டால் இன்னும் மோசம். உதிரிச் செல்களை வாங்கித் தானே கோத்துக்கொள்வோரும் இருக்கிறார்கள். முதல் முறை அமைப்பவருக்கு அது வேண்டாம் என்பேன். இந்தச் செல்லின் வோல்ட்டேஜ், இருப்பு 90 விழுக்காட்டிலிருந்து 20-க்கு இறங்கும்வரை கிட்டத்தட்ட அசையாது. மீட்டரை வைத்துப் பார்த்து எந்தச் செல் பின்தங்குகிறது என்று கண்டுபிடிப்பது அனுபவசாலிகளுக்கே கடினம்.

பேனலின் அளவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். நம் வீட்டின் அத்தியாவசியச் சுற்றுக்குப் பகலிரவு சேர்த்து ஏறக்குறைய அவ்வளவுதான் தேவை. அப்படியானால் 1 கிலோவாட் போதுமா? ஏப்ரலில் போதும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக் கிடக்கும் நாளில் விளைச்சல் கால்வாசியாகக்கூட விழும்; புயலும் மின்வெட்டும் வருவது அப்போதுதான். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டாவில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. ஒரு வாரத்துக்கான பேட்டரியை எவராலும் வாங்கிவைக்க முடியாது. பேனலை 3 கிலோவாட் ஆக்கினால், மூடிய வானத்திலும் மூன்று யூனிட் கிடைக்கும். அதைக்கொண்டு நாளை ஓட்டிவிடலாம். மொத்த அமைப்பில் இன்று மலிவான உறுப்பு பேனல்தான்; தாராளம் காட்ட வேண்டிய இடமும் அதுதான். தெற்கு நோக்கி, 10 முதல் 13 பாகை சாய்வு; மாடித் தொட்டியின் நிழலோ தென்னை மட்டையின் நிழலோ விழாத இடம். பேனலின் அடியில் காற்று புகட்டும். சித்திரை வெயிலில் பேனல் 65 பாகை சூடேறினால் அதன் திறனில் ஏழில் ஒரு பங்கு போய்விடும்.

எல்லாம் சரி, உயிராபத்து இல்லையா என்பது நியாயமான கேள்வி. உண்டு, ஆனால் பலரும் நினைக்கும் இடத்தில் இல்லை. பேனலும் பேட்டரியும் நேரெதிர்க் குணம் கொண்டவை. 540 வாட் பேனல் ஒன்று வழக்கமாக 13 ஆம்பியர் தரும். அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டாலும் 14-ஐத் தாண்டாது. ஆகவே அந்த ஒயரில் கோளாறு வந்தால் ஃபியூஸுக்கே தெரியாது. வெயில் இருக்கும்வரை அதை அணைக்கவும் முடியாது. ஆறு பேனல்களைத் தொடராகக் கோத்தால் 300 வோல்ட் நேர்மின்சாரம் பகல் முழுவதும் நின்றுகொண்டிருக்கும். வீட்டு மாறுமின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால், சுவிட்சில் எழும் தீப்பொறி தானே அணையும். நேர்மின்சாரம் சுழியைத் தொடுவதே இல்லை. தளர்ந்த இணைப்பில் எழும் தீப்பொறி எரிந்துகொண்டே இருக்கும். வீட்டு மின்பெட்டியின் தானியங்கிச் சுவிட்சான எம்சிபியை இங்கே போடக் கூடாது என்பது அதனால்தான். நேர்மின்சாரத்துக்கென்றே செய்த டிசி எம்சிபியிலும் பல, கூட்டல் கழித்தல் முனைகளை மாற்றிக் கொடுத்தால் தீப்பொறியை அணைக்கமாட்டாமல் உருகும். பேட்டரியோ தொடுவதற்குச் சாது, 51 வோல்ட்தான். ஆனால் முனைகளுக்குக் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். இரும்பு உருகித் தெறிக்கும். எனவே பேட்டரியின் கூட்டல் முனைக்கு மிக அருகே, இத்தகைய பாய்ச்சலை அறுக்கவல்ல ஃபியூஸ் கட்டாயம். ஒயர் முனையில் மாட்டும் லக்குகளைச் சுத்தியலால் தட்டாமல் கிரிம்பிங் கருவியால் இறுக்க வேண்டும். பேட்டரிக்கு ஏற்ற இடம் வெயில் படாத, காற்றோட்டமான சுவர். படுக்கையறையும் மாடிப்படிக்கு அடியும் வேண்டாம்.

ஆகவே எல்லைக்கோடு இப்படி. லோடுக் கணக்கு, சுற்றைப் பிரிக்கும் திட்டம், பொருள் தேர்வு, பேனலுக்கு இடம் ஆகியவை வீட்டுக்காரருடையவை. தாங்கிகளை நிறுத்துவதையும் கையாள முடிந்தவர் செய்யலாம், காற்றை மதித்தால். சென்னைப் பகுதிக் கட்டடங்களுக்கு இந்தியத் தரநிலை சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்தக் காற்று ஒரு பேனல்மீது கிட்டத்தட்ட 400 கிலோ எடைக்குச் சமமான விசையைக் கொடுக்கும். பேனலின் எடையோ 30 கிலோகூட இல்லை. தட்டோட்டைத் துளைத்து போல்ட் இறக்கினால் மழைக்காலத்தில் ஒழுகும் என்பதால், கனமான கான்கிரீட் கட்டைகளில் தாங்கியை நிறுத்துவது மேல். வீட்டு மின்பெட்டியைத் தொடும் வேலையும், எர்த்தும், கிரிட் இணைப்பும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுக்கு உரியவை. சட்டமும் அதையே கேட்கிறது. மானியம் வேண்டுமென்றால் பதிவு பெற்ற நிறுவனத்தின் வழியாகத்தான் போகவேண்டும்.

கடைசியாக, பணம். பேட்டரி போட்ட காசு திரும்பி வருமா? நெட் மீட்டர் உள்ள வீட்டில் பகலில் மிஞ்சுவதைக் கிரிட்டே வாங்கி வைத்துக்கொள்கிறது; அங்கே கட்டணத்தைக் குறைக்க மட்டும் பேட்டரி வாங்குவது நட்டம். இலவச மின்சார வரம்புக்குள் வாழும் குடும்பத்துக்குப் பேனலேகூடச் சேமிப்பைத் தராது. அவர்களுக்குக் கரண்ட் கட்டும் அரிது என்றால் இந்த வேலையே வேண்டியதில்லை. மூச்சுக்கருவியோடு ஒரு முதியவர் இருக்கும் வீடு, வீட்டிலிருந்தே பணி செய்வோர், புயல் பாதையில் உள்ள கடலோர ஊர்கள், கம்பி அடிக்கடி அறும் மலைக்கிராமங்கள் என்று இவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் வாங்குவது தடைபடாத மின்சாரத்தை. எந்தப் பக்கம் நீங்கள் என்று தெரிய வேண்டுமா? விலைப்பட்டியல் கேட்பதற்கு முன் ஒரு வாரம், மாலை 6 மணிக்கும் காலை 6 மணிக்கும் வீட்டு மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்து வையுங்கள். அந்தத் தாள் இல்லாமல் எந்தக் கடையிலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.