சும்மா இருக்கும் வாயு, சுடர்விடும் எழுத்து!

அறிவியல் பகுதி



ராத்திரியில் பெரிய ஊர்க் கடைவீதிகளில் செக்கச் செவேலென்று எழுத்துகள் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். சினிமாவிலாவது கட்டாயம் பார்த்திருப்பீர்கள். "அதுவா, நியான் லைட்டு" என்று சட்டென்று சொல்லிவிடுவோம். சரி, அந்த நியான் என்பது என்ன? அது எங்கிருந்து கிடைக்கிறது? கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த வாயு எப்படி வெளிச்சம் தருகிறது? பச்சை, நீலம், ஊதா எல்லாமே நியான்தானா?

இன்னொரு விஷயமும் இருக்கு. இதே நியான் நம் வீட்டிலேயே ஒரு சின்னப் பொருளுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றித் தெரிந்துகொள்வது நம் உயிருக்கே நல்லது. அது என்ன என்று யோசித்துக்கொண்டே படியுங்கள். விடை கட்டுரைக்குள்ளேயே வரும்.

பெயர் வைத்தது யார்?

1898ஆம் ஆண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம் ராம்சே என்ற விஞ்ஞானியும் அவருடைய இளம் உதவியாளர் மோரிஸ் டிராவர்ஸும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். காற்றிலிருந்து பிரித்த ஆர்கானைக் கடுமையாகக் குளிரவைத்துத் திரவமாக்கினார்கள். அதை மறுபடி கொதிக்கவிட்டபோது முதலில் வெளியேறிய லேசான வாயுவைத் தனியே பிடித்தார்கள். அதை ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சினார்கள். அவ்வளவுதான், குழாய் முழுக்கச் செந்நிறமாகப் பற்றி எரிவது போல ஒளிர்ந்தது! அதுவரை யாரும் பார்த்திராத ஒளி அது. இது ஒரு புதிய தனிமம் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

பெயர் வைத்த கதை இன்னும் சுவையானது. ராம்சேயின் மகனுக்கு அப்போது வயது 13. "புதுசு என்ற பொருளில் நோவும் என்று வைக்கலாமே அப்பா" என்று அவன் யோசனை சொன்னானாம். அது லத்தீன் சொல். அப்பாவுக்கு யோசனை பிடித்துவிட்டது. ஆனால் அதே பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'நியான்' என்று வைத்தார். பார்த்தீர்களா, நம் வயதுப் பையன் ஒருவனின் யோசனை தனிம வரிசை அட்டவணையில் 10ஆம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது!

மந்த வாயுக்களைக் கண்டறிந்ததற்காக ராம்சேக்கு 1904இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஜாம்ஷெட்ஜி டாடா ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையம் தொடங்க விரும்பியபோது, அதை எங்கே அமைக்கலாம் என்று ஆலோசனை சொல்ல வந்தவர் இதே ராம்சேதான். அவர் பெங்களூரைப் பரிந்துரைத்தார். 1909இல் உருவான இந்திய அறிவியல் நிலையத்தின் முதல் இயக்குநர் யார் தெரியுமா? நியானைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவரான அதே மோரிஸ் டிராவர்ஸ்!

நம் வகுப்பறையில் எவ்வளவு நியான்?

நியான் எங்கோ தூரத்தில் இருப்பதல்ல. இப்போது இந்த இதழைப் படித்துக்கொண்டே நீங்கள் இழுக்கும் மூச்சிலும் அது இருக்கிறது. ஆனால் ரொம்பக் கொஞ்சம். 10 இலட்சம் பங்கு காற்றில் ஏறக்குறைய 18 பங்குதான் நியான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 20 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள வகுப்பறை என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 4000 கன அடி. அதாவது சுமார் 1,13,000 லிட்டர் காற்று. அதில் நியான் மட்டும் சுமார் 2 லிட்டர். இரண்டு தண்ணீர் பாட்டிலுக்குள் அடங்கிவிடும்!

இவ்வளவு குறைவாக இருப்பதை எப்படிப் பிரிக்கிறார்கள்? காற்றைத் திரவமாக்கிப் பிரிக்கும் பெரிய ஆலைகளில் ஆக்சிஜனும் நைட்ரஜனும் தயாரிக்கும்போது நியானும் துணைப்பொருளாகக் கிடைக்கிறது. நியானின் கொதிநிலை மைனஸ் 246 டிகிரி செல்சியஸ். மற்ற வாயுக்கள் திரவமான பிறகும் இது வாயுவாகவே நிற்கும். அதனால் தனியே எடுக்க முடிகிறது.

பாரிஸில் பிறந்த விளம்பரம்

அப்படிக் கிடைத்த நியானை என்ன செய்வது என்று யோசித்தவர் ஜார்ஜ் கிளாட் என்ற பிரெஞ்சுக்காரர். காற்றைத் திரவமாக்கும் தொழிலில் இறங்கியவர் அவர். 1910 டிசம்பரில் பாரிஸ் நகரில் நடந்த மோட்டார் வாகனக் கண்காட்சியில், சுமார் 12 மீட்டர் நீளமுள்ள இரண்டு நியான் குழாய்களை ஒளிரவைத்துக் காட்டினார். மக்கள் அசந்துபோனார்கள்.

வீட்டு விளக்காக அதை விற்க முடியுமா? முடியாது. எல்லாமே சிவப்பாகத் தெரிந்தால் யார் வாங்குவார்கள்? ஆனால் தூரத்திலிருந்து கண்ணை இழுக்கும் அந்தச் சிவப்பு, விளம்பரத்துக்குப் பொருத்தமாக இருந்தது. 1912இல் பாரிஸில் ஒரு முடிதிருத்தும் கடைக்கு முதல் நியான் விளம்பரப் பலகை போனது. 1915இல் கிளாட்டுக்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அதன்பின் உலகம் முழுக்க நியான் எழுத்துகள் பரவின. ஒரு விளக்குக்கு எது குறையோ அதுவே விளம்பரத்துக்கு நிறையாகிவிட்டது!

வாயு எப்படி ஒளிர்கிறது?

இதுதான் கட்டுரையின் முக்கியப் பகுதி. கவனமாகப் படியுங்கள்.

நியான் ஒரு மந்த வாயு. அதன் எலக்ட்ரான் அமைப்பு 2, 8. வெளிக்கூடு நிரம்பிவிட்டதால் அது யாரோடும் சேராது, யாரோடும் சண்டையும் போடாது. சும்மா இருக்கும். எரியவும் எரியாது. அப்படியிருக்க வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

1. கண்ணாடிக் குழாயின் இரண்டு முனைகளிலும் உலோக மின்முனை வைப்பார்கள்.
2. உள்ளே உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு, கொஞ்சமே கொஞ்சம் நியானை நிரப்புவார்கள். உள்ளே அழுத்தம் வெளிக்காற்றில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான்.
3. டிரான்ஸ்பார்மர் வழியாக 2,000 முதல் 15,000 வோல்ட் வரை மின்னழுத்தம் கொடுப்பார்கள். நம் வீட்டில் வருவது 230 வோல்ட்தான்.
4. எலக்ட்ரான்கள் வேகமாக ஓடி நியான் அணுக்களை மோதும். மோதிய வேகத்தில் அணுவுக்குள் இருக்கும் எலக்ட்ரான் மேல் ஆற்றல் மட்டத்துக்குத் தாவும்.
5. அங்கே அதிக நேரம் நிற்க முடியாது. உடனே கீழே இறங்கும். இறங்கும்போது விடுகிற ஆற்றல்தான் ஒளி!

மாடிப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். படியில்தான் கால் வைக்க முடியும், இரண்டு படிக்கு நடுவே நிற்க முடியாது. நியான் அணுவின் படிகளின் உயரம் எப்போதும் ஒன்றுதான். அதனால் அது விடும் ஒளியின் நிறமும் எப்போதும் ஒன்றுதான்: ஆரஞ்சு கலந்த சிவப்பு. ஒவ்வொரு தனிமத்துக்கும் படிகள் வேறு வேறு. கைரேகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். டிராவர்ஸும் ராம்சேயும் புதிய தனிமத்தை அடையாளம் கண்டதும் இப்படித்தான்.

எல்லா நிறமும் நியானா?

இல்லவே இல்லை! சிவப்பு மட்டும்தான் அசல் நியான். நீல எழுத்துக்குள் இருப்பது ஆர்கானும் துளி பாதரசமும். பச்சை, மஞ்சள், வெள்ளை வேண்டுமென்றால் குழாயின் உட்சுவரில் ஒளிரும் பொடி பூசுவார்கள். இல்லாவிட்டால் நிறக் கண்ணாடியைப் பயன்படுத்துவார்கள். ஆனாலும் எல்லாவற்றையும் 'நியான்' என்றே கூப்பிடுகிறோம்.

இந்த எழுத்துகளை வளைப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது கைத்தொழில். நீளமான கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி, அது இளகியதும் சில நொடிகளுக்குள் வரைபடத்தின் மேல் வைத்து வளைக்க வேண்டும். வளைக்கும்போது குழாய் நசுங்கிவிடாமல் இருக்க, வாயில் பிடித்த ரப்பர் குழாய் வழியாக மெல்ல ஊதிக்கொண்டே இருப்பார்கள். கண்ணு, கை, மூச்சு மூன்றும் ஒன்றாக வேலை செய்யணும்! ஒரே குழாயில் பல எழுத்துகள் இருந்தால், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள பகுதியில் கறுப்புப் பூச்சு அடித்து மறைத்துவிடுவார்கள். அடுத்த முறை பார்க்கும்போது உற்றுப் பாருங்கள், தெரியும்.

வீட்டுக்குள் ஒரு நியான்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு விடை. அதுதான் டெஸ்டர்! எலக்ட்ரீசியன் அண்ணன் சட்டைப் பையில் பேனா மாதிரி குத்தி வைத்திருப்பாரே, அதேதான். அதற்குள் இருக்கும் குட்டி பல்பில் நியான் இருக்கிறது. சுவிட்ச் போர்டில் சிவப்பாக எரியும் பழைய வகை இண்டிகேட்டர் பல்புகளும் இதே குடும்பம்தான்.

டெஸ்டருக்குள் நியான் பல்போடு பெரிய மின்தடை ஒன்றும் இருக்கும். அதன் மதிப்பு இலட்சக்கணக்கான ஓம். முனையை மின்கம்பியில் வைத்து மேல்மூடியைத் தொட்டால், மின்சாரம் மின்தடை, பல்பு, நம் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும். மின்தடை இருப்பதால் போவது ஒரு மில்லி ஆம்பியரை விடக் குறைவு. நமக்கு ஷாக் தெரியாது. அந்தத் துளி மின்சாரத்திலேயே நியான் ஒளிர்ந்துவிடும். இழை பல்பால் அது முடியாது. அதனால்தான் டெஸ்டரில் நியான்.

நண்பர்களே, இங்கேதான் கவனம் வேண்டும்! டெஸ்டர் எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது தப்பு. ஏன்?

* உலர்ந்த மர ஸ்டூல் அல்லது பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நின்றால், தரைக்குப் போகும் வழி குறைந்துவிடும். பல்பு மங்கலாக எரியும் அல்லது எரிவதே தெரியாது.
* நல்ல வெயிலில் அந்தச் சின்ன வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது.
* டெஸ்டருக்குள்ளேயே பல்பு பழுதாகி இருக்கலாம்.

ஆகவே டெஸ்டர் எரிந்தால் "கரண்ட் இருக்கு" என்று எச்சரிக்கை. எரியாவிட்டால் "கரண்ட் இல்லை" என்பதற்கு அது சாட்சி ஆகாது. மெயின் சுவிட்சை அணைப்பதுதான் பாதுகாப்பு. விரிசல் விட்ட டெஸ்டர், நனைந்த டெஸ்டர், ஈரக்கை மூன்றும் கூடவே கூடாது. இந்த வேலையைப் பெரியவர்களே செய்யட்டும். ஆனால் இந்த விஷயத்தை வீட்டில் போய் அவர்களுக்குச் சொல்ல வேண்டியது நம் வேலை.

உடைந்த டியூப் லைட்டோடு விளையாடாதீர்கள்!

நியான் விளக்கின் தம்பிதான் டியூப் லைட். அதற்குள் ஆர்கானும் கொஞ்சம் பாதரசமும் இருக்கும். பழைய டியூப் லைட்டைக் கல்லால் அடித்து 'டமால்' என்று உடைத்து வேடிக்கை பார்ப்பது நம் பையன்கள் பலருக்கும் பழக்கம். கண்ணாடிச் சில் கண்ணில் படும். அதைவிட மோசம், பாதரச ஆவி. அது நரம்புகளைப் பாதிக்கும் நஞ்சு.

அறைக்குள் தவறி உடைந்துவிட்டால் சன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் பத்து நிமிடம் வெளியே வந்துவிடுங்கள். பிறகு பெரியவர்கள் கெட்டி அட்டையால் அள்ளி, மூடிய பையில் போடட்டும். வெறுங்கையால் எடுக்கக் கூடாது. பாதரசத்தின் தீமையால்தான் 2023இல் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் கூடி, டியூப் லைட் தயாரிப்பையும் ஏற்றுமதி, இறக்குமதியையும் 2027 முடிவுக்குள் நிறுத்துவதாகத் தீர்மானித்தன.

இன்றைய நியான்

இப்போது கடைகளில் விற்கும் வளையும் 'நியான்' பட்டைகளில் நியானே கிடையாது! அவை எல்.இ.டி. விளக்குகள். மின்செலவு குறைவு, கண்ணாடி இல்லை, ஆயிரக்கணக்கான வோல்ட்டும் தேவையில்லை. லண்டனின் பிக்காடிலி சதுக்கத்தில் கடைசி நியான் பலகை 2011இல் இறங்கியது. ஹாங்காங்கில் தெருவை மூடி நின்ற நியான் பலகைகளும் பெருமளவு அகற்றப்பட்டுவிட்டன. அவற்றில் சிலவற்றை அங்குள்ள எம் பிளஸ் அருங்காட்சியகம் எடுத்துப் பாதுகாக்கிறது. எல்.இ.டி. வந்தது நல்லதுதான். ஆனால் மூச்சை அடக்கி எழுத்து வளைத்த கைகளுக்கு வேலை குறைந்ததும் உண்மை.

அப்படியானால் நியானின் கதை முடிந்துவிட்டதா? இல்லை. கம்ப்யூட்டர், செல்போன் சில்லுகளில் மிக நுண்ணிய கோடுகளைப் பதிக்கும் லேசர்களில் நிரப்பும் வாயுவில் பெரும்பகுதி நியான்தான். 2022இல் உக்ரைனில் போர் மூண்டபோது, உலகச் சில்லுத் தொழிலுக்கான தூய நியானில் ஏறத்தாழ பாதியைத் தந்த இரண்டு ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. உலகமே கவலைப்பட்டது. யாரோடும் சேராமல் சும்மா இருக்கும் வாயுவுக்காக எத்தனை பேர் தவிக்கிறார்கள் பாருங்கள்!

மூளைக்கு வேலை

1. நியானின் அணு எண் என்ன?
2. அசல் நியான் எந்த நிறத்தில் ஒளிரும்?
3. நீல நிற 'நியான்' எழுத்தில் உள்ள வாயு எது?
4. டெஸ்டர் எரியவில்லை. கம்பியைத் தொடலாமா?

(விடைகள்: 1. பத்து. 2. ஆரஞ்சு கலந்த சிவப்பு. 3. ஆர்கான், கூடவே துளி பாதரசம். 4. கூடாது, கூடாது, கூடவே கூடாது! முதலில் மெயின் சுவிட்சை அணை.)

நான்காவது விடையை மட்டுமாவது இன்றைக்கு வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள்.

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு