தொட்டிச் செடி 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பும், தெரியுமா?

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் குட்டி பால்கனியா? கிள்ளான் தரைவீட்டு வாசலா? எங்கே பார்த்தாலும் ஒரு மணி பிளாண்டாவது எட்டிப் பார்க்குமே! தினமும் காலையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும் என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்! இதையெல்லாம் படித்துவிட்டு ஊற்றுங்கள்!

தாகம் எடுத்தால் செடி சத்தம் போடும், தெரியுமா?
டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆச்சரியம் இது! தண்ணீர் கிடைக்காத தக்காளி, புகையிலைச் செடிகள் மணிக்கு 30 முதல் 50 முறை 'டிக் டிக்' என்கின்றன! தண்ணீர் குடித்த செடி? மணிக்கு ஒரு முறை சத்தம் போட்டாலே அதிகம்! நமக்கு ஏன் கேட்பதில்லை? அந்த ஒலி 40 முதல் 80 கிலோஹெர்ட்ஸ். நம் காதுக்கு 20-தான் எல்லை!

தண்ணீர் அதிகமானாலும் செடி வாடும், தெரியுமா?
வேரும் சுவாசிக்கும்! ஆனால் ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும்! மண் எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் வேர் திணறி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சுமா? உறிஞ்சாது! இலை துவளும். "ஐயோ, வாடுதே" என்று நாம் இன்னொரு குவளை ஊற்றுவோம். கதை முடிந்தது!

கோலாலம்பூரில் எவ்வளவு மழை தெரியுமா?
சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர். கோலாலம்பூரில் 2,400-ஐத் தாண்டும்! மழை குறைவான ஜூன், ஜூலையில்கூட மாதத்துக்குச் சராசரியாக 100 மில்லிமீட்டருக்கு மேல்! காற்றின் ஈரப்பதமோ 80 விழுக்காட்டை ஒட்டி! குளிர்நாட்டுப் புத்தகம் சொல்லும் 'வாரம் ஒரு முறை' கணக்கு இங்கே எப்படிப் பொருந்தும்? அதே வீட்டில் ஏர்கோன் ஓடும் அறைக்கு ஒரு கணக்கு, பால்கனிக்கு ஒரு கணக்கு!

சாத்தே குச்சி போதும், தெரியுமா?
ஈரமானி வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம்! சாத்தே சாப்பிட்டதும் குச்சியைக் கழுவிக் காயவையுங்கள். தொட்டி மண்ணில் ஆழமாகக் குத்தி, சில நிமிடம் விட்டு உருவுங்கள். ஈர மண் ஒட்டியிருக்கிறதா? இன்று வேண்டாம்! காய்ந்து சுத்தமாக வந்ததா? அடித்துளை வழியே வடியும் வரை நிதானமாக ஊற்றுங்கள்! இன்னொரு வழி, தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ எடை! காய்ந்த தொட்டி கையிலேயே தெரிந்துவிடும்!

200 கிலோ பெரணி பார்த்திருக்கிறீர்களா?
நம் வரவேற்பறையில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும் பறவைக்கூட்டுப் பெரணி, சபாவின் டானும் பள்ளத்தாக்குக் காட்டில் மரத்தின் உச்சியில் நனைந்த நிலையில் 200 கிலோ வரை கனக்கும்! தரையில் வேரே கிடையாது! விழும் இலைகளையும் மழையையும் கிண்ணம்போல் பிடித்துச் சேமித்தே வாழ்கிறது!

ஆர்க்கிட் வேர் நிறம் மாறும், தெரியுமா?
ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டின் வேர் வெள்ளி நிறமா? தாகம்! பச்சையா? போதும்! அதைவிட வேடிக்கை என்ன தெரியுமா? வாரம் 3 ஐஸ் கட்டி வைத்தாலே இந்த ஆர்க்கிட் நன்றாக இருக்கிறது என்று அமெரிக்காவின் ஓஹாயோ, ஜார்ஜியா பல்கலைக்கழகங்களின் 2017 ஆய்வு காட்டியது! வெப்பமண்டலச் செடிக்கு ஐஸ்!

இரவில் மூச்சு விடும் செடி எது?
பாம்புச் செடி! பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கும். வெயிலில் நீர் அதிகம் வீணாவதில்லை! இதற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊற்றினாலே தாராளம்!

நான்கு மாதம் தண்ணீர் இல்லாமல் தாங்குமா?
தாங்கும்! கிழக்கு ஆப்பிரிக்காவின் இசட் இசட் செடி! இலையில் 91 விழுக்காடு, காம்பில் 95 விழுக்காடு தண்ணீர்! மண்ணுக்கடியில் கிழங்கு வேறு! 2020 செப்டம்பரில் ஆற்று நீர் மாசுபட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் சுமார் 12 லட்சம் குடிநீர்க் கணக்குகளுக்குக் குழாய் வறண்டதே, நினைவிருக்கிறதா? இந்தச் செடி அசைந்தே கொடுத்திருக்காது!

இலை நுனி ஏன் கருகுகிறது?
பல்லைக் காக்க நம் குழாய் நீரில் ஃபுளோரைடு கலக்கிறார்கள். ஆனால் டிரசீனா, கலாத்தியா செடிகளுக்கு அது ஆகாது! ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும்; ஃபுளோரைடு பறக்காது! மழைநீர்தான் மருந்து. வாளியை மட்டும் மறக்காமல் மூடுங்கள்! ஏன் தெரியுமா?

தொட்டித் தட்டு உங்களைச் சிறைக்கு அனுப்பும்!
தட்டில் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு 7 முதல் 10 நாளில் வந்துவிடும்! தண்ணீரைக் கொட்டினால் போதுமா? போதாது! விளிம்பில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருக்கும்! தேய்த்துக் கழுவுங்கள்! 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொசு வளரவிட்டால் முதல் குற்றத்துக்கே 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே!

ஒரு செடிக்கு 19,297 டாலரா?
2021-இல் நியூசிலாந்து இணைய ஏலத்தில், வெள்ளைத் திட்டுகள் கொண்ட ரஃபிடோஃபோரா டெட்ராஸ்பெர்மா தொட்டிச் செடி ஒன்று அமெரிக்க டாலர் கணக்கில் இந்த விலைக்குப் போனது! அந்த இனத்தின் தாய்வீடு எது தெரியுமா? தென் தாய்லாந்தும் நம் தீபகற்ப மலேசியாவும்தான்!

சுங்கை பூலோ நர்சரிகளைத் தொடங்கியது யார்?
வார இறுதியில் செடி வாங்கக் கூட்டம் அலைமோதும் இடம்! 1930-இல் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஒதுக்கி வைக்கப்பட்ட அந்த மக்கள்தான் பிழைப்புக்காகச் செடி வளர்த்து விற்கத் தொடங்கினார்கள்! இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் எத்தனை பால்கனிகளில் அவர்கள் கைவண்ணம்!

தண்ணீரே ஊற்றாமல் கடல் தாண்டிய செடி எது?
1829-இல் லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு, மூடிய கண்ணாடிப் புட்டியில் ஒரு பெரணி தானாக முளைப்பதைக் கண்டார். உள்ளே ஆவியாகும் நீரே திரும்பச் சொட்டி மண்ணை நனைத்தது! அப்படிப் பிறந்த கண்ணாடிப் பெட்டிகள் 38-இல், 1876-இல் சுமார் 1,900 ரப்பர் கன்றுகள் இலங்கைக்குக் கப்பலேறின! மறு ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன! அந்த ரப்பர் காடாகப் பெருகியபோது பால் வெட்டக் கப்பலேறி வந்தவர்கள் யார்? லட்சக்கணக்கான தமிழர்கள்! ஒரு மருத்துவரின் புட்டியில் முளைத்த பெரணி நம் குடும்பங்களின் முகவரியையே மாற்றிவிட்டது, தெரியுமா?