தொண்டே தலைமை: நேட்டால் தரும் பாடம்

தலைமை என்றதும் மேடையும் மாலையும் முன்வரிசை நாற்காலியுமே பலர் மனத்தில் தோன்றுகின்றன. பிறர் துயர் துடைக்கத் தாமே முன்வந்தவர்களின் சங்கங்களிலும் இவ்வெண்ணம் புகுந்துவிடுவது உண்டு. ஆனால் தொழிற்சாலைக்கும் தொண்டர் அமைப்புக்கும் பெரியதொரு வேறுபாடு இருக்கிறது. தொழிற்சாலையில் மேலதிகாரியின் சொல் நடப்பது சம்பளத்தினால். தொண்டர் அமைப்பில் சம்பளம் என்னும் கயிறு இல்லை. மனம் விரும்பினால் வருவர், நொந்தால் நின்றுவிடுவர். அவ்வாறாயின் அங்கே தலைவன் சொல் எதனால் செல்லும்? இவ்வினாவுக்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றிலேயே அதற்குச் சான்று உண்டு. 1899ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் அமைந்த இந்திய ஆம்புலன்ஸ் படையே அச்சான்று.

செஞ்சிலுவையின் தோற்றம்

போர்க்களத்தில் காயமுற்றோரைப் பேணுவது பொதுமக்களுக்கும் உரிய கடமை என்ற எண்ணம் மிகப் பழையதன்று. 1859இல் இத்தாலியின் சோல்பெரினோவில் பெரும்போர் நிகழ்ந்தது. வணிக வேலையாக அப்பக்கம் சென்றிருந்த ஹென்றி டுனான் என்ற ஜெனிவா நகரத்தார், கவனிப்பாரற்றுக் கிடந்த வீரர்களைக் கண்டார். அருகிலிருந்த காஸ்டிக்லியோனே ஊர்ப் பெண்களைத் திரட்டினார். நண்பன், பகைவன் என்று பாராமல் நீரும் கட்டுத் துணியும் கிடைக்கச் செய்தார். 1863இல் செஞ்சிலுவைக் குழுவும், 1864இல் ஜெனிவா உடன்படிக்கையும் இதன் விளைவாகப் பிறந்தன. டுனானிடம் அன்று பதவி இல்லை, படையும் இல்லை. முதலில் குனிந்து தொண்டு செய்தார், மற்றவர்கள் பின்தொடர்ந்தனர்.

பயிற்சி முதலில், பதவி பின்னர்

நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த ஒப்பந்தக் கூலிகளுள் தமிழர் பலர். மலாயாவில் 1910 வரை இருந்த அதே ஒப்பந்த முறைதான் அங்கும் இருந்தது. 1894இல் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி, முதலாளி அடித்ததால் பற்கள் உடைந்து, தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி, டர்பன் நகரில் தொழில் தொடங்கிய இளம் வழக்கறிஞர் காந்தியிடம் வந்து நின்றார். காந்தி அவரைத் தலைப்பாகையை அணிந்துகொள்ளச் சொன்னார். வேறொரு முதலாளியிடம் மாற்றியும் கொடுத்தார். தங்களுக்காகப் பேசவும் ஒருவர் உண்டு என்ற செய்தி தோட்டந்தோறும் பரவியது.

இதன்பின் காந்தி செய்த ஒன்றைப் பலர் நினைவில் கொள்வதில்லை. பார்சி ருஸ்தம்ஜியின் பொருளுதவியோடும் டாக்டர் பூத்தின் மேற்பார்வையிலும் நடந்த சிறிய தரும மருத்துவமனையில், நாள்தோறும் காலையில் ஓரிரு மணி நேரம் மருந்து கலந்து கொடுக்கும் வேலையை அவர் ஏற்றார். நோயாளிகளின் குறைகளைக் கேட்டு மருத்துவரிடம் எடுத்துரைப்பதும், மருத்துவர் எழுதிய மருந்தைக் கொடுப்பதுமே அவர் பணி. அங்கு வந்தோரில் பெரும்பாலோர் தமிழரும் தெலுங்கரும் வட இந்தியருமான ஒப்பந்தக் கூலிகள். அவர்களோடு நெருங்கிய உறவு இங்கேதான் வளர்ந்தது. தலைவராவதற்கு முன்னர் அவர் கம்பவுண்டராக இருந்தார் எனலாம்.

களத்தில் 1,100 பேர்

1899 அக்டோபரில் பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டது. இந்தியர் தொண்டு செய்ய முன்வந்தபோது அரசாங்கம் முதலில் மறுத்தது. காயமுற்றோர் பெருகியதும் ஏற்றுக்கொண்டது. சுமார் 1,100 பேர் கொண்ட படை அமைந்தது. ஏறக்குறைய 300 பேர் ஒப்பந்தம் நீங்கிய இந்தியர். எஞ்சிய 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். தலைவர்கள் சுமார் 40 பேர் ஊதியம் பெறவில்லை. மற்றவர்களுக்கு அரசாங்கம் கூலி கொடுத்தது. டாக்டர் பூத் முன்னரே தலைவர்களுக்குப் பயிற்சி அளித்திருந்தார்; படையுடனும் சென்றார். பாரிஸ்டரும் கணக்கரும், கொத்தரும் தச்சரும், இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஒரே படையில் நின்றனர்.

வேலை எளிதன்று. ஸ்ட்ரெச்சர் எனப்படும் தூக்குக் கட்டிலில் காயமுற்றவரைக் கிடத்தி, குலுங்காமல் தோளில் சுமந்து நடக்க வேண்டும். சில நாட்களில் 20 முதல் 25 மைல் வரை, அதாவது 32 முதல் 40 கிலோமீட்டர் வரை நடந்தனர். குண்டு விழும் எல்லைக்குள் அவர்கள் போக வேண்டியதில்லை என்பது ஒப்பந்தம். 1900 ஜனவரியில் ஸ்பியன் கோப் குன்றில் போர் முற்றியபோது, கடமை இல்லை எனினும் வந்தால் நன்றியுடையோம் என்று தளபதி புல்லர் சொல்லியனுப்பினார். ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை, அவர்கள் சென்றனர். தலைவர்கள் பின்னே நின்று ஏவாமல் உடன் நடந்தனர் என்பதே இங்கு கருதத்தக்கது.

பதக்கம் யாருக்கு?

சுமார் ஆறு வாரத்தில் படை கலைக்கப்பட்டது. தலைவர்கள் 37 பேருக்குப் போர்ப் பதக்கம் கிடைத்தது. இங்கே ஆராய்வோர் சற்று நிற்க வேண்டும். 800 ஒப்பந்தக் கூலிகள் முதலாளிமார் அனுப்ப வந்தவர்கள். அவர்களுள் எத்தனை பேர் மனமுவந்து வந்தனர்? தலைவர்கள் தாமாக வந்தவர்கள், கூலிகள் அனுப்பப்பட்டவர்கள். ஆயினும் ஒரே கட்டிலை ஒரே தோளுயரத்தில் சுமந்தார்கள். ஒருவரின் பெயர் உலகெங்கும் விளங்குகிறது. அந்த 800 பேரின் பெயர்களோ மக்கள் நினைவில் இல்லை. தொண்டை மதிப்பிடுவதில் உலகம் செய்யும் பழைய பிழை இது. தலைவன் எத்துணைப் பணிவுடையவனாயினும், புகழ் அவனை நோக்கியே ஓடும். அதைத் தொண்டரிடம் திருப்பிவிடுவது அவனுடைய கடைசிக் கடமையாகும்.

தொண்டன் வளர்கிறானா?

1901 டிசம்பரில் கல்கத்தா காங்கிரசுக்குச் சென்ற காந்தி, இதற்கு நேர்மாறான காட்சியைக் கண்டார். தொண்டர்கள் ஒருவருக்கிட்ட வேலையை மற்றொருவர் மீது தள்ளினர். நாறிக் கிடந்த கழிப்பிடத்தைச் சுட்டியபோது, அது தோட்டியின் வேலை என்றனர். அவர் துடைப்பம் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். தொண்டர் என்ற பெயர் மட்டும் தொண்டாகிவிடாது என்பதற்கு இதனினும் விளக்கம் வேண்டுமோ?

1970இல் அமெரிக்கரான ராபர்ட் கிரீன்லீப் இக்கருத்துக்கு ஒரு பெயர் சூட்டினார். முதலில் தொண்டு செய்ய விழைபவனே பின்பு தலைவனாகத் தகுந்தவன் என்றார். தொண்டைப் பெறுவோர் தாமும் வளர்ந்து தொண்டராகின்றனரா என்பதையே உரைகல்லாக வைத்தார்.

இந்த உரைகல்லில் நேட்டாலை உரைத்துப் பார்க்கலாம். 1913இல் டிரான்ஸ்வால் தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, ஒப்பந்தத் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்யத் தூண்டினர். ஆயிரக்கணக்கானோர் வேலையைவிட்டு வெளிவந்தனர்; அவ்வாண்டு நவம்பரில் 2,000க்கு மேற்பட்டோர் அணிவகுத்து எல்லை கடந்தனர். சிறை சென்ற இளம்பெண் தில்லையாடி வள்ளியம்மை, 1914 பிப்ரவரி 22இல் உயிர் நீத்தாள். 1899இல் அனுப்பப்பட்ட கூலிகளாக வந்த வகுப்பினர், 14 ஆண்டுகளில் தாமே முடிவெடுத்து நடப்பவராயினர். பதக்கத்தைவிட இதுவே அத்தொண்டின் மெய்யான பயன்.

மலைநாட்டுக்கு ஏற்ற பாடம்

பிரிஞ்சாங் முதல் ரிங்லெட் வரை உள்ள மலைச்சரிவுகளில் மழையும் மண்சரிவும் புதியன அல்ல. 2013 அக்டோபரில் சுல்தான் அபுபக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் வீடுகளில் புகுந்தது. அத்தகைய நாளில் எந்தச் சங்கத்துக்கும் மூன்று வினாக்கள் உண்டு. தலைவர் முதலுதவி கற்றவரா? சேறு அள்ளும் வரிசையில் அவரும் நிற்கிறாரா? அரிசி மூட்டை வழங்கும் நிழற்படத்தில் மூட்டை சுமந்தவரும் இருக்கிறாரா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை வருமாயின், அச்சங்கத்தில் ஆணை பிறப்பிக்கும் தேவையே அரிதாகும். தலைவர் ஊரில் இல்லாத நாளிலும் வேலை நடக்கும். அவ்வாறு நடப்பதே அவர் தலைமைக்குச் சான்று.