விகிதம் குறைகிறது, வேகம் கூடுகிறது

கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலைக்குப் பெரும்பாலும் ஐயாற்றில் குளிக்கத்தான் போகிறார்கள். மேலே ஆகாய கங்கையாக விழுந்த தண்ணீர் பாறைகளுக்கு நடுவே தெளிவாக ஓடிவரும். முங்கிக் குளித்து, கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டு, பொழுது சாய்வதற்குள் துறையூர் பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் இரவு தங்குகிறவர்களுக்கு இன்னொன்றும் கிடைக்கும். நவம்பரில் மழை விட்டு, மேகமும் நிலாவும் இல்லாத இரவு அமைந்தால், ஒன்பது மணிவாக்கில் வடக்கே திரும்பி நின்று உச்சிக்குக் கொஞ்சம் கீழே தேடுங்கள். நட்சத்திரம் போலக் கூர்மையாக இல்லாமல் நீளவாக்கில் ஒரு மங்கல் திட்டு தெரியும். ஆண்ட்ரமீடா. 25 லட்சம் ஒளியாண்டு தள்ளியிருக்கும் கேலக்ஸி.

அதில் ஒரு வேடிக்கை. கேலக்ஸிகள் விலகிப் போகின்றன என்று போன வாரம் முழுக்க எழுதினேன். கண்ணுக்குத் தெரிகிற ஆண்ட்ரமீடாவோ நம்மை நோக்கி வருகிறது! 1912-ல் அமெரிக்காவின் லோவல் ஆய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் அதன் ஒளியைப் பிரித்து அளந்தபோது, நொடிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குவதாகக் கணக்கு வந்தது. அக்கம்பக்கத்துக் கேலக்ஸிகளுக்குள் ஈர்ப்பு விசைதான் ஜெயிக்கும். விரிவைப் பார்க்க வேண்டுமென்றால் கோடிக்கணக்கான ஒளியாண்டுகள் தாண்டிப் போக வேண்டும்.

அங்கே ஒரு மெகாபார்செக்குக்கு, அதாவது 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு, நொடிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் என்ற விகிதத்தில் விலகல் இருக்கிறது. இரண்டு மடங்கு தூரம் என்றால் 140. பிளாங்க் செயற்கைக்கோள் தந்த கணக்குப்படி இந்த எண் 67.4, சூப்பர்நோவாக்களை வைத்து அளப்பவர்கள் 73 என்கிறார்கள். அந்தச் சண்டை தனிக் கதை. இந்த வாரம் நமக்கு வேண்டியது, இந்த விகிதம் காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்பது.

பிரபஞ்சம் பிறந்து 3,80,000 ஆண்டு ஆனபோது இது இன்றைக்கு இருப்பதைப்போல 20,000 மடங்குக்கும் மேல் இருந்தது. அன்றிலிருந்து இறங்கிக்கொண்டேதான் வருகிறது, இன்றும் இறங்குகிறது. அப்படியானால் “பிரபஞ்சம் முடுக்கத்தோடு விரிகிறது” என்று 2011-ல் நோபல் பரிசு கொடுத்தார்களே, அது எப்படி? பலரும், சில பாடநூல்களும்கூட, தடுமாறுகிற இடம் இது.

வங்கி டெபாசிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் ரூபாய், 10 சதவீத வட்டி. முதல் ஆண்டில் 10,000 ரூபாய் சேருகிறது. அடுத்த ஆண்டு வட்டி விகிதத்தை 8 சதவீதமாகக் குறைத்தால் 1,10,000-க்கு 8,800 தான் வரும். 9.5 சதவீதமாக மட்டும் குறைத்தால் 10,450. விகிதம் குறைந்துதான் இருக்கிறது, ஆனால் கைக்கு வரும் வட்டி கூடிவிட்டது. அசல் வளர்ந்திருக்கிறதல்லவா? பிரபஞ்சத்தில் அசல் என்பது தூரம், வட்டி என்பது விலகும் வேகம். முதல் 700, 800 கோடி ஆண்டுகள் விகிதம் மளமளவென்று விழுந்ததால் வேகமும் குறைந்தது. பிறகு விழுவது மந்தமானது. 500, 600 கோடி ஆண்டுகளாக, குறிப்பிட்ட ஒரு கேலக்ஸி நம்மைவிட்டு விலகும் வேகம் கூடிக்கொண்டே போகிறது.

விரிவு எப்படி மாறும் என்பதற்குப் பொதுவான சமன்பாட்டை எழுதியவர் ஓர் இந்தியர்: அமல் குமார் ராய்சௌதுரி. சர் சி. வி. ராமன் தன் விளைவைக் கண்டுபிடித்த அதே கல்கத்தா நிறுவனத்தில் அவர் பணியாற்றியபோது, 1955-ல் கட்டுரை வெளியானது. சாதாரணப் பொருள்கள் மட்டும் இருந்தால் விரிவு மட்டுப்பட்டே தீரும் என்கிறது அது. எனவே எவ்வளவு மட்டுப்படுகிறது என்று அளக்கத்தான் 1990-களில் இரண்டு குழுக்கள் கிளம்பின.

அவர்களுடைய அளவுகோலில் நம்மவர் ஒருவரின் கை இருக்கிறது. திருச்சியிலிருந்து துறையூர் போகிற வழியில் இருக்கும் திருவானைக்காவலில் பிறந்தவர் ராமன். அவருடைய அண்ணன் மகன் சுப்ரமணியன் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து 1930-ல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வெண்குள்ள விண்மீன்களுக்கு ஓர் எடை வரம்பு உண்டு என்று அந்தப் பயணத்திலேயே கணக்குப் போட்டார். இன்றைய மதிப்பில் சூரியனைப்போல 1.4 மடங்கு. அந்த வரம்பை நெருங்கும் வெண்குள்ளன் வெடித்துச் சிதறலாம். முதல் வகை ‘அ’ சூப்பர்நோவா என்று சொல்லப்படும் இந்த ரக வெடிப்புகளின் உச்சப் பிரகாசத்தைத் திருத்தி ஒரே அளவுக்குக் கொண்டுவர முடியும். மங்கலாகத் தெரிந்தால் தூரத்தில் இருக்கிறது. எவ்வளவு தூரம் என்பதும் தெரிந்துவிடும். (ஆண்ட்ரமீடாவிலேயே 1885-ல் ஒரு சூப்பர்நோவா தெரிந்தது.)

1998-ல் இரண்டு குழுக்களுக்கும் ஒரே அதிர்ச்சி. தொலைதூர சூப்பர்நோவாக்கள் இருக்க வேண்டியதைவிட மங்கலாக, அதாவது கூடுதல் தூரத்தில் இருந்தன. மட்டுப்படவில்லை, முடுக்கம்! இழுக்கிற பொருளோடு, தள்ளுகிற ஒன்றும் இருந்தாக வேண்டும். அதற்கு இருள் ஆற்றல் என்று பெயர் வைத்தார்கள். பிரபஞ்சத்தின் மொத்தக் கணக்கில் ஏறக்குறைய 70 சதவீதம் அதுதான். என்னவென்று யாருக்கும் தெரியாது.

அது ஐன்ஸ்டைனின் மாறிலியாக, அதாவது என்றும் மாறாத அளவில், இருந்தால் நம் விகிதம் இன்னும் இறங்கி, 56-க்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். மாறுகிறதோ என்ற சந்தேகம் இப்போது கிளம்பியிருக்கிறது. அரிசோனாவில் 5,000 கண்ணாடி இழைகளை வைத்துக்கொண்டு வானத்தை அளக்கும் டெசி கருவி, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி கேலக்ஸிகளையும் குவாசர்களையும் அளந்து 2025 மார்ச்சில் முடிவு வெளியிட்டது. மற்ற தரவுகளோடு சேர்த்துப் பார்த்தால் இருள் ஆற்றல் வலுவிழந்து வருவதுபோலத் தெரிகிறது என்கிறார்கள். எந்த சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து நம்பகம் 2.8 முதல் 4.2 சிக்மா வரை ஊசலாடியது. கண்டுபிடிப்பு என்று இயற்பியலில் ஒப்புக்கொள்ள 5 வேண்டும். தொகுப்பை மாற்றினால் இவ்வளவு மாறுகிற முடிவை நம்பி ஐன்ஸ்டைனின் மாறிலிக்கு இப்போதே காரியம் பண்ணுவது, என் கணக்கில், அவசரம்.

(தொடரும்)