செவ்வாய்க்குப் புதுப் படம் போர்த்துவது எப்படி?

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்குச் சூரியக் குடும்பம் பற்றி நடத்தியபோது, உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் செலஸ்டியா மென்பொருளைத் திறந்து மாணவர்களைச் செவ்வாய்க்கு அழைத்துச் சென்றேன். பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதி வரச் சொன்னேன். ஒரு மாணவி, "ஒலிம்பஸ் மான்ஸ் மலை உச்சியில் மங்கலாக ஏதோ தெரிகிறது. எரிமலை வாய் இல்லை" என்று எழுதியிருந்தாள். அந்த மலையின் உச்சியில் சுமார் 80 கி.மீ. நீளத்துக்கு எரிமலை வாய் இருக்கிறது என்று முந்தைய நாள்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். எனவே சிவப்பு மையால் அடித்துவிட்டேன். மறுநாள் குறிப்பேட்டோடு வந்து நின்றாள். "பார்த்ததை எழுதச் சொன்னீங்க டீச்சர். அங்க அப்படித்தான் தெரிஞ்சுது."

மாலையில் ஆய்வகத்துக்குப் போய் நானும் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். தவறு படத்தில் இருந்தது.

செலஸ்டியா 2001-இல் கிறிஸ் லாரல் என்பவர் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். பூமியை விட்டுக் கிளம்பி எந்தக் கோளுக்கும் போய் அதைச் சுற்றிப் பார்க்கலாம். அதில் தெரியும் ஒவ்வொரு கோளும் உண்மையில் ஒரு வெற்று உருண்டை. அதன் மேல் ஒரு படம் போர்த்தப்பட்டிருக்கிறது. அந்தப் படத்துக்குத்தான் டெக்ஸ்சர் என்று பெயர். வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தை எடுத்து ஒரு பந்தின் மேல் சுற்றியது போல என்று மாணவர்களிடம் சொல்லலாம். தீர்க்கக்கோடு 360 பாகை, அட்சக்கோடு 180 பாகை என்பதால் படத்தின் அகலம் எப்போதும் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு. இந்த அளவில் இல்லாத படத்தைப் போர்த்தினால் கோளின் நிலவடிவங்கள் நசுங்கியோ இழுபட்டோ தெரியும்.

அன்று திரையில் இருந்தது 1024 பிக்சல் அகலமுள்ள படம். செவ்வாயின் நடுக்கோட்டுச் சுற்றளவு ஏறத்தாழ 21,300 கி.மீ. வகுத்துப் பாருங்கள்: ஒரு பிக்சலுக்கு 21 கி.மீ. 80 கி.மீ. எரிமலை வாய்க்குக் கிடைப்பது நான்கு பிக்சல். நான்கு புள்ளிகளை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளைதான் எரிமலை வாயைக் கண்டுபிடிக்கும்? 8192 பிக்சல் படத்தில் ஒரு பிக்சல் 2.6 கி.மீ.; அதே எரிமலை வாய்க்கு முப்பது பிக்சல் கிடைக்கும். வட்டமும் விளிம்பும் தெரியத் தொடங்கும். இந்த வகுத்தலை இப்போது மாணவர்களையே போட வைக்கிறேன். பூமிக்குப் போட்டால் இன்னும் சுவை. 8192 படத்தில் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 5 கி.மீ.; சென்னை மாநகரமே ஒரு சிறு புள்ளிக்கூட்டத்தில் அடங்கிவிடும். "நம்ம ஊரு எங்க டீச்சர்?" என்ற கேள்விக்கு விடை அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். செலஸ்டியா நிறுவப்பட்ட ஃபோல்டருக்குள் டெக்ஸ்சர்ஸ் என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் லோரெஸ், மெட்ரெஸ், ஹைரெஸ் என மூன்று. குறைந்த, நடுத்தர, உயர் தெளிவுப் படங்கள் இவற்றில் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. மென்பொருள் ஓடும்போது ஷிஃப்ட் விசையோடு ஆர் விசையை அழுத்தினால் தெளிவு ஒரு படி ஏறும், ஆர் மட்டும் அழுத்தினால் இறங்கும். ஹைரெஸ்ஸில் படம் இல்லையென்றால் கீழ்ப்படியில் இருப்பதையே காட்டும். அதனால் முதலில் இந்த விசையை அழுத்திப் பாருங்கள். சில கோள்களுக்கு இதுவே போதும்.

போதாதபோது புதுப் படம் தேவை. செவ்வாய்க்கான படத்தைப் பதிவிறக்கி, பழைய படத்தின் பெயரையே அதற்கு வைத்து, ஹைரெஸ் ஃபோல்டரில் போட வேண்டும். அங்கே ஏற்கெனவே அதே பெயரில் படம் இருந்தால் அதை அழிக்காமல் வேறு இடத்துக்கு மாற்றி வையுங்கள். ஒரே பெயரில் ஜேபெக் ஒன்றும் பிஎன்ஜி ஒன்றும் அருகருகே கிடந்தால் பழையதே தொடர்ந்து தெரிந்து உங்களைக் குழப்பும். மென்பொருளை மூடித் திறந்து, என்டர் தட்டி, கோளின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, மீண்டும் என்டர், பிறகு ஜி. செவ்வாய் முன்னால் வந்து நிற்கும்.

சொல்வதற்கு இவ்வளவுதான். செய்தபோது எனக்கு ஒரு முழு மதிய வேளை போயிற்று.

வீட்டு மடிக்கணினியில் 8192 படத்தைப் போட்டுப் பார்த்தேன், அருமையாக வந்தது. பென்டிரைவில் எடுத்துப் போய், நிர்வாகிக் கடவுச்சொல் வாங்கி, ஆய்வகத்தின் பத்துக் கணினிகளிலும் பதிந்தேன். ஒன்றிலும் புதுப் படம் வரவில்லை. என் மடிக்கணினியில் இருப்பது விண்டோஸ், ஆய்வகத்தில் லினக்ஸ். கோப்பின் பெயரில் முதல் எழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தாக வைத்திருந்தேன். விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது. லினக்ஸுக்குப் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர் வேறு, சிறிய எழுத்தில் தொடங்கும் பெயர் வேறு. பெயரை மாற்றியதும் எட்டுக் கணினிகளில் வந்தது. மீதி இரண்டில், உதவிக்கு வந்த மாணவர்கள் பெயரின் பின்னொட்டையும் சேர்த்துத் தட்டியிருந்தார்கள். கோப்புக்கு இரண்டு வால் முளைத்திருந்தது. விண்டோஸில் பின்னொட்டு மறைந்திருப்பதால் அங்கும் இது அடிக்கடி நடக்கும். கோப்புப் பெயர்களின் பின்னொட்டைக் காட்டும்படி முதலிலேயே அமைத்துக்கொள்வது நல்லது.

படம் வந்த எட்டிலும் வேறு தொல்லை. சுட்டியை இழுத்தால் செவ்வாய் மூன்று விநாடி கழித்துத் திரும்பியது. படம் வெறும் 5 எம்பிதானே என்று நினைத்திருந்தேன். அது வட்டில் மடித்து வைத்த அளவு. திரையில் விரிக்கும்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் நான்கு பைட் வேண்டும். 2048-க்கு 1024 என்றால் 8 எம்பி. அகலத்தை இரட்டித்தால் நினைவகம் நான்கு மடங்கு: 4096-க்கு 32 எம்பி, 8192-க்கு 128 எம்பி, 16384-க்கு 512 எம்பி. தொலைவில் காட்டுவதற்கான சிறு பிரதிகளுக்கு இன்னொரு மூன்றில் ஒரு பங்கு. பூமியென்றால் மேகத்துக்கும் இரவு விளக்குகளுக்கும் தனித்தனிப் படங்கள் வேறு. எங்கள் ஆய்வகக் கணினிகளில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, எல்லாம் ரேமிலிருந்துதான் போகிறது. டிடிஎஸ் என்ற வகைப் படங்கள் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அவை கிராஃபிக்ஸ் நினைவகத்திலும் சுருங்கியே இருக்கும். அந்த 128 எம்பி, 16 எம்பி அளவுக்கு இறங்கும்.

அதோடு, புரொஜெக்டர் திரையின் உயரம் பெரும்பாலும் 768 அல்லது 800 பிக்சல்தான். முழுக் கோளையும் திரையில் காட்டும்போது படத்தில் பாதிதான் நம் பக்கம் இருக்கும். அதற்கு 2048 படமே தாராளம். நெருங்கிப் போய் ஒரு மலையையோ பள்ளத்தாக்கையோ காட்டும் கோளுக்கு மட்டும் 4096. 8192 என் மடிக்கணினியோடு நின்றுவிட்டது. பெரிய படத்தைக் கிம்ப் மென்பொருளில் திறந்து 4096-க்கு 2048 என்று சுருக்கிச் சேமிக்க இரண்டு நிமிடம் போதும்.

கிம்ப் இன்னொரு இடத்திலும் கைகொடுக்கும். செலஸ்டியாவுக்கான படத்தில் பூச்சியப் பாகைத் தீர்க்கக்கோடு நடுவில் இருக்க வேண்டும். சில வரைபடங்களில் அது இடது ஓரத்தில் இருக்கும். அப்படியே போட்டால் கோளின் மறுபக்கத்தில் மலை முளைக்கும். பூமிப் படத்தில் ஆப்பிரிக்கா நடுவில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நிலவில், நாம் தினமும் பார்க்கும் கரும்பகுதிகள் நடுவில் இருக்க வேண்டும். செவ்வாயில் ஒலிம்பஸ் மான்ஸ் 134 பாகை மேற்கில் இருப்பதால் இடது ஓரத்துக்குப் பக்கத்தில் தெரிய வேண்டும். வலப்பாதியில் தெரிந்தால், ஆஃப்செட் கட்டளையால் படத்தை அகலத்தில் பாதி நகர்த்துங்கள்.

படங்களை எங்கே வாங்குவது? பூமிக்கு நாசாவின் புளூ மார்பிள். 2004-ஆம் ஆண்டின் பன்னிரண்டு மாதங்களுக்கும் தனித்தனியே, பிக்சலுக்கு 500 மீட்டர் தெளிவில் இருக்கிறது. முழுதாக இறக்கிவிடாதீர்கள், அகலம் 86,400 பிக்சல். நிலவுக்கு, நாசாவின் அறிவியல் காட்சிப்படுத்தல் பிரிவு எல்ஆர்ஓ விண்கலத் தரவுகளிலிருந்து தயாரித்த தொகுப்பு இருக்கிறது. மற்றவற்றுக்கு சோலார் சிஸ்டம் ஸ்கோப், செலஸ்டியா மதர்லோடு ஆகிய தளங்கள். டெக்ஸ்சர் என்பது படம் அல்லது ஜிப் கோப்பு மட்டுமே. நிறுவும் நிரலாக வந்தால் பள்ளிக் கணினியில் இயக்க வேண்டாம்.

இவ்வளவும் ஒழுங்கான பிறகு, உற்சாகத்தில் ஒரு முழுத் தொகுப்பையே இறக்கிப் போட்டேன். புளூட்டோவைச் சுழற்றித் தென்பக்கத்தைக் காட்டியபோது ஒரு மாணவன் கேட்டான், "இந்தப் பக்கத்தையும் போட்டோ எடுத்திருக்காங்களா டீச்சர்?" "எடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். திரையில் அவ்வளவு துல்லியமாக இருந்தது.

எடுக்கவில்லை. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவைக் கடந்து போனது, நிற்கவில்லை. ஒரு பக்கத்தை அருகிலிருந்து பார்த்தது. மறுபக்கத்தைச் சில நாட்களுக்கு முன்பே தொலைவிலிருந்து மங்கலாகத்தான் பார்த்தது. தென்முனைப் பகுதி அப்போது நீண்ட குளிர்கால இருளில் இருந்தது. நான் காட்டிய தென்பக்கம் யாரோ வரைந்து நிரப்பியது. மங்கலான பழைய படம் இருந்ததை மறைத்தது என்றால், இந்தத் தெளிவான படம் இல்லாததைக் காட்டியது. இரண்டாவதுதான் மோசம் என்பேன். மங்கலாக இருந்தால் பிள்ளைகள் சந்தேகப்படுவார்கள், துல்லியமாக இருந்தால் நம்பிவிடுவார்கள். ஆசிரியரே நம்பிவிட்டேனே!

இதற்குச் செலஸ்டியாவிலேயே ஒரு வழி இருக்கிறது. யுரேனஸின் மிராண்டா துணைக்கோளுக்குப் போய், அதன் மேல் வலது சொடுக்கு போடுங்கள். மாற்று மேற்பரப்புகள் என்ற பொருள்படும் பட்டியல் வரும். நான் பயன்படுத்தும் பதிப்பில் அதில் 'லிமிட் ஆஃப் நாலெட்ஜ்', அதாவது அறிந்ததன் எல்லை, என்றொரு தேர்வு உண்டு. அதைத் தேர்ந்தால், வரைந்து நிரப்பிய பகுதி மறைந்து, விண்கலம் பார்த்த பகுதி மட்டும் நிற்கும். கிட்டத்தட்டப் பாதி உருண்டை வெறுமையாகிவிடும். வகுப்பில் அதைச் சொடுக்கியதும் "ஐயோ, பாதி காணோம்" என்று ஒரே சத்தம்.

ஏன் பாதி? யுரேனஸ் 98 பாகை சாய்ந்து, ஏறக்குறையப் படுத்துக்கொண்டு சூரியனைச் சுற்றுகிறது. அதன் பெரிய துணைக்கோள்களும் அதன் நடுக்கோட்டுத் தளத்தையொட்டியே சுற்றுகின்றன. வாயேஜர் 2 அங்கே போனது 1986 ஜனவரி 24 அன்று. அப்போது தென்முனைகள் சூரியனை நோக்கியிருந்தன, வட அரைக்கோளங்கள் இருட்டில் கிடந்தன. அதன்பின் எந்த விண்கலமும் யுரேனஸ் பக்கம் போகவில்லை. அச்சின் சாய்வைப் பந்தையும் டார்ச்சையும் வைத்து எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அந்தப் பாதி வெறுமைக்குக் காரணம் கேட்டபோதுதான் மாணவர்கள் தாங்களாகவே பந்தைச் சாய்த்துப் பார்த்தார்கள்.

அதிலிருந்து, பழைய படத்துக்கு மேல் புதியதைப் போடுவதை விட்டுவிட்டு, புதியதை மாற்று மேற்பரப்பாகச் சேர்க்கிறேன். செலஸ்டியாவில் எக்ஸ்ட்ராஸ் என்றொரு ஃபோல்டர் உண்டு. அதற்குள் நம் பெயரில் ஒரு ஃபோல்டர். அதனுள் டெக்ஸ்சர்ஸ், அதனுள் ஹைரெஸ், அதில் படம். நம் ஃபோல்டரிலேயே எஸ்எஸ்சி என்ற பின்னொட்டோடு ஒரு சிறு உரைக்கோப்பு. மிராண்டாவின் மாற்று மேற்பரப்பு மென்பொருளோடு வரும் எஸ்எஸ்சி கோப்பில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அந்த வரிகளை நகலெடுத்து, மேற்பரப்பின் பெயர், கோளின் பெயர், படக்கோப்பின் பெயர் மூன்றை மட்டும் மாற்றினால் போதும். மேற்கோள் குறியோ அடைப்புக்குறியோ ஒன்று விட்டுப்போனால் அந்தப் படம் பட்டியலில் வராது. பிடிக்கவில்லையென்றால் ஃபோல்டரை எடுத்துவிடலாம், மென்பொருளுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்டெல்லேரியம் பயன்படுத்துவோர் டெக்ஸ்சர்ஸ் ஃபோல்டரில் அதே பெயரில் படத்தை மாற்றலாம், பழையதைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

மேற்பரப்பின் பெயரை நாமே வைக்கலாம் என்பதால் அதிலேயே விண்கலத்தையும் ஆண்டையும் எழுதிவிடுகிறேன். வெள்ளிக்கு 'மகெல்லன் ரேடார் 1990–94' என்று இருக்கும். வெள்ளியின் தரை மேகத்துக்குக் கீழே இருக்கிறது, அந்த ஆரஞ்சு நிறம் பின்னால் பூசியது என்று சொல்ல அது நினைவூட்டும். சோலார் சிஸ்டம் ஸ்கோப் தளத்தார் ஹௌமியா, ஏரிஸ் போன்றவற்றின் கோப்புப் பெயரிலேயே 'கற்பனை' என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை நீக்காமல் வைத்திருக்கிறேன்.

அந்த மாணவியின் குறிப்பேட்டில் சிவப்புக் கோட்டை அழிக்க முடியவில்லை. பக்கத்தில் "படம் 1024 பிக்சல். பார்த்தது சரி" என்று எழ்திக் கையெழுத்திட்டேன். இந்த ஆண்டு எல்லாக் குறிப்பேடுகளிலும் இரண்டு பத்திகள் கூடியிருக்கின்றன: படத்தின் அகலம், படம் எடுத்த விண்கலம். இரண்டாவது பத்தியில் சிலர் "யாரும் இல்லை" என்று எழுதுகிறார்கள்.