இரண்டு பெரும்பான்மையற்ற சபைகளும் எங்கள் ஒன்பது தாலுகாக்களும்

ஒவ்வொரு தேர்தல் முடிவு வெளியாகும்போதும் நம் சங்க நண்பர்கள் என்னைப் பிடித்துக் கொள்வார்கள். "சார், உங்கள் கேரளத்தில் இந்தக் கூட்டணிக் கணக்கெல்லாம் எப்படித்தான் சரிப்பட்டு வருகிறது?" என்பார்கள். சரிப்பட்டு வராத காலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அதிலும், அது சரிப்படாமல் போனதற்கு எங்கள் எல்லைப்புறத் தமிழர்களே பெருங்காரணமாக இருந்த ஒரு காலம் உண்டு. அந்தக் கதை தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்குக்கூட அதிகம் தெரியாது. ஆகவே எழுதுகிறேன்.

என் தகப்பனார் தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க். தாயார் பிறந்தது சித்தூர் தாலுகா கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அன்று தேவிகுளம் திருவிதாங்கூர். சித்தூர் கொச்சி ராஜ்யம். சித்தூரை அடுத்த பாலக்காடோ மலபார் ஜில்லாவில் சேர்ந்த சென்னை ராஜ்யம். அதனால் எங்கள் குடும்பத்தில் 1952 தேர்தலின்போது ஒரு வேடிக்கை. கொழிஞ்சாம்பாறை மாமா ஓட்டுப் போட்டது திருவனந்தபுரம் சபைக்கு. பாலக்காட்டில் கொடுத்திருந்த சின்னம்மா ஓட்டுப் போட்டது சென்னைச் சபைக்கு. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பொழுது மாட்டு வண்டிப் பயணம்தான்.

இரண்டு சபையிலுமே யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை!

சென்னையில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. எதிர்க்கட்சிகள் பிரகாசத்தைத் தலைவராக்கி, தங்கள் பக்கம் 166 பேர் என்று கணக்குக் காட்டினார்கள். கவர்னர் ஸ்ரீபிரகாசா அழைத்ததோ ராஜாஜியை. அவர் தேர்தலில் நிற்கவேயில்லை. மேல்சபைக்கு நியமனம் பெற்று முதல் மந்திரியானார். பிறகு மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி முதலானவை வந்து சேர்ந்தன. இது பலரும் அறிந்தது. நான் சொல்ல வந்தது அந்தப் பக்கத்துக் கதை.

திருவிதாங்கூர்-கொச்சியில் 108 இடங்கள். காங்கிரசுக்கு 44. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு 8. பெயரைப் பார்த்து இரண்டும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. பின்னது மார்ஷல் நேசமணி முதலியோர் நடத்திய தனிக்கட்சி. தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் என்ற ஒன்பது தாலுகாக்களும் தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டும் என்பது அதன் கோரிக்கை. தகப்பனார் பிறந்த இடமும் தாயார் பிறந்த இடமும் அந்த ஒன்பதில் வந்துவிட்டதால், எங்கள் வீட்டில் அந்தப் பட்டியல் பாராயணம் மாதிரி.

அந்த எட்டுப் பேரின் ஆதரவோடுதான் ஏ.ஜே.ஜான் 1952 மார்ச்சில் மந்திரிசபை அமைத்தார். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கூட்டாளிக் கட்சி ஒரு மந்திரி பதவி கேட்டால் கொடுத்துவிடலாம். பாலம், பள்ளிக்கூடம், வரிக்குறைப்பு எதுவாயினும் பேரம் பேசி முடிக்கலாம். எங்களவர்கள் கேட்டது ராஜ்யத்தின் எல்லையை! அதை மாற்றும் அதிகாரம் அரசியல் சட்டப்படி பாராளுமன்றத்துக்கே உண்டு. ஜானால் நினைத்தாலும் கொடுக்க முடியாது. கொடுக்கிறேன் என்று வாயைத் திறந்தால் தன் மலையாளி உறுப்பினர்களை இழப்பார். இப்படி ஒரு பண்டத்தைக் கேட்கும் கட்சியை வைத்துக்கொண்டு எந்த மந்திரிசபைதான் நிற்கும்? தமிழ்நாடு காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொள்ள, 1953 செப்டம்பரில் ஜான் சபையின் நம்பிக்கையை இழந்தார். சபை கலைந்தது.

1954 தொடக்கத்தில் மறுபடி தேர்தல். இந்த முறை 117 இடங்கள். காங்கிரஸ் 45, கம்யூனிஸ்ட் 23, பிரஜா சோஷலிஸ்ட் 19, தமிழ்நாடு காங்கிரஸ் 12, ஆர்.எஸ்.பி. 9, மீதி சுயேச்சைகள். தேவை 59. தனித்து எந்தக் கட்சிக்கும் எட்டாத கணக்கு! காங்கிரசும் கம்யூனிஸ்டும் ஒரு பந்தியில் உட்கார முடியாது. கடைசியில் 19 பேரை வைத்திருந்த பட்டம் தாணு பிள்ளை முதல் மந்திரி. 45 பேரை வைத்திருந்த காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு. "பெண் வீட்டார் பந்தல் போட்டார்கள், வேறு எவனோ தாலி கட்டினான்" என்று மாமா கேலி செய்வாராம்.

அந்த மந்திரிசபையின் கதி எங்கள் மலையில்தான் நிர்ணயமாயிற்று. 1954 ஜூலையில் மூணாறு, தேவிகுளம் பகுதிகளில் தமிழர்களுக்கு எதிரான அடக்குமுறையைக் கண்டித்து நேசமணி தடையை மீறி வந்து கைதானார். எனக்கு அப்போது எட்டு வயது. லயங்களில் ஆண்கள் கூடிக்கூடிப் பேசியதும், அப்பா மாலையில் ஜன்னலைச் சாத்தியதும் நினைவிருக்கிறது. அவர் நெஞ்சு முழுதும் போராட்டத்தின் பக்கம். ஆனால் எஸ்டேட் சம்பளம் வாங்குபவர். சத்தியாக்கிரகத்துக்குப் போகவில்லை. போகாதது அவரைக் கடைசிவரை உறுத்தியது.

ஆகஸ்டு 11-ந் தேதி தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு. பல உயிர்கள் போயின. சோஷலிஸ்ட் ஆட்சியிலேயே ஜனங்கள் மீது குண்டா என்று, அக்கட்சியின் அகில இந்தியப் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியாவே தம் கட்சி மந்திரிசபை ராஜினாமா செய்ய வேண்டும் என்றார். பட்டம் மறுத்தார். நாட்டின் முதல் சோஷலிஸ்ட் மந்திரிசபையைக் காப்பாற்றுவதா, கொள்கையைக் காப்பாற்றுவதா என்ற அந்தத் தகராறு பிற்பாடு கட்சி பிளவுபட்டதற்கும் ஒரு காரணம். 1955 பிப்ரவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது காங்கிரஸ் கையை விரித்துவிட்டது. பட்டம் இறங்க, பனம்பிள்ளி கோவிந்த மேனன் ஏறினார். அவருக்கும் வேண்டியிருந்தது தமிழ்நாடு காங்கிரசின் ஆதரவு! குண்டடி பட்டவர்களின் கட்சி இல்லாமல் அடுத்த மந்திரிசபையும் இல்லை.

நிற்க. 1955 செப்டம்பர் கடைசியில் பசல் அலி கமிஷன் அறிக்கை வந்தது. தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை தமிழகத்துக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு. தமிழர் அதிகம் என்பதை ஒப்புக்கொண்டாலும், அவர்களில் பலர் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள் என்ற வாதம் முன்வந்தது. அப்பா அன்று பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "தாத்தா காலத்தில் ஏறி வந்தோம், இன்னும் வந்து போகிறவர்களா?" என்று கேட்டார். யாரைக் கேட்டாரோ தெரியாது. பனம்பிள்ளி மந்திரிசபையும் சொந்தக் கட்சியார் ஆறு பேர் பிரிந்ததால் 1956 மார்ச்சில் கவிழ்ந்தது. நவம்பர் 1-ந் தேதி தெற்கே நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் தமிழகம் சேர்ந்தன. கோரிக்கை நிறைவேறியதாகக் கட்சி கலைந்து காங்கிரசில் ஐக்கியமாயிற்று. அவர்கள் கொண்டாடியதில் நான் குறை சொல்ல மாட்டேன். உயிர் கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் மலைமேல் இருந்த எங்களுக்குக் கோரிக்கையும் இல்லை, கட்சியும் இல்லை என்றாயிற்று. பாலக்காட்டுச் சின்னம்மாவுக்கும் அன்றோடு சென்னை அயலூர் ஆகிவிட்டது.

மந்திரிசபைக் கணக்கில் எங்கள் மலைக்கு மதிப்பு அடியோடு போய்விடவில்லை. 1957-ல் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 126-ல் 60 இடங்கள். சுயேச்சைகள் ஐவரைச் சேர்த்துத்தான் நம்பூதிரிபாட் ஆட்சி அமைத்தார். அப்படி நூலிழையில் நின்ற ஆட்சிக்கு, ரோசம்மா புன்னூஸின் தேவிகுளம் வெற்றி செல்லாது என்று தீர்ப்பானபோது வயிற்றைக் கலக்கியது. 1958-ல் இடைத்தேர்தல். தமிழ்த் தொழிலாளர் ஓட்டுக்காகத் தமிழிலேயே பிரசாரம். இளையராஜாவின் தமையனார் பாவலர் வரதராசன் மலையேறி வந்து பாடியது அப்போதுதான். ரோசம்மா மீண்டும் வென்றார்.

எல்லாவற்றையும் தூக்கியடித்தது 1965. 133 இடங்களில் மார்க்சிஸ்டுகள் 40, காங்கிரஸ் 36, அதிலிருந்து பிரிந்த கேரள காங்கிரஸ் 23, சம்யுக்த சோஷலிஸ்ட் 13, லீக் 6, வலது கம்யூனிஸ்ட் 3, சுயேச்சை 12. வென்ற மார்க்சிஸ்டுகளில் பலர் பாதுகாப்புச் சட்டத்தில் சிறையில். ஜெயித்தவனுக்கு மாலை போட ஜெயிலுக்குப் போக வேண்டும்! கவர்னர் வி.வி.கிரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். கணக்குத் தேறவில்லை. மார்ச் 24-ந் தேதி, ஒரு நாள்கூடக் கூடாமலேயே சபை கலைக்கப்பட்டது. அந்தத் தேர்தலுக்கு ஓட்டு வயது வராமலே பசைச் சட்டி தூக்கியவன் நான். மூன்று வாரத்தில் எல்லாம் வீண் என்றபோது வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. 2005-ல் பீகாரிலும் இப்படியே கூடாத சபையைக் கலைத்தார்கள். அது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்களுக்கு நாற்பது வருஷம் பிந்திய தீர்ப்பு.

அதற்குப் பின் மலையாளிகள் ஒன்று கற்றுக்கொண்டார்கள். தேர்தலுக்குப் பிறகு கூடிப் பேசுவதைவிட முன்பே பேசி முடித்துவிடுவது! 1967-ல் ஏழு கட்சி முன்னணி அப்படித்தான் வந்தது. இரண்டரை வருஷத்தில் சண்டையிட்டுக் கலைந்தது வேறு விஷயம். 1982 தொடக்கத்தில் கருணாகரன் ஆட்சி சபாநாயகர் ஏ.சி.ஜோஸின் ஓட்டிலேயே திரும்பத் திரும்ப மூச்சு வாங்கி, மார்ச்சில் விழுந்தது. அந்த வருஷத் தேர்தல் முதல் இரண்டு முன்னணிகள் என்ற ஏற்பாடு ஊன்றிவிட்டது. நிலையான ஆட்சி நல்லதுதான். ஆனால் எட்டுப் பேரை வைத்துக்கொண்டு ஒரு ராஜ்யத்தையே நம் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்த காலம் அதோடு போயிற்று என்பதையும் சொல்லத்தானே வேண்டும்?

2021-ல் தேவிகுளம் உறுப்பினர் ஏ.ராஜா திருவனந்தபுரம் சபையில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். வாசகத்தில் ஏதோ சொல் விடுபட்டதென்று, சில நாள் கழித்து மறுபடி எடுக்க வைத்தார்கள். கொழிஞ்சாம்பாறையில் தொண்ணூறு வயது மாமா தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறார். உடனே எனக்குப் போன். "ஏண்டா தம்பி, தமிழ்லதான படிச்சான்? காதுல நல்லா விழுந்துச்சே. திரும்ப எதுக்குப் படிக்கச் சொல்றாங்க?"

விஷயத்தை விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு தடவை கேட்டதும் நல்லதுதான். உங்கப்பன் இருந்தா மூணாந் தடவையும் படிக்கச் சொல்லியிருப்பான்" என்று போனை வைத்துவிட்டார்.