மலைப்பாதையும் மொறிஸ் வானும்

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைவரை ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியது என்றால் இன்றைய மாணவர் பலர் நம்பமாட்டார். இரண்டரை அடி அகலமே கொண்ட இருப்புப்பாதை அது. 1904-இல் இராகலையை எட்டியது. 1940-இல் பிரயாணிகளைக் கைவிட்டது. 1948-இல் சரக்கு ஏற்றுவதையும் நிறுத்திக்கொண்டது. அதன்பின் தேயிலைப் பெட்டியும் அரிசி மூடையும் மோட்டார் வண்டிகளை நம்பியே மலை ஏறி இறங்கலாயின.

அதே 1948-இல்தான் இங்கிலாந்தில் மொறிஸ் மைனர் கார் பிறந்தது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். மாதிரி வண்டி ஒடுங்கித் தோன்றவே, அதை நடுவே பிளந்து நாலு அங்குலம் விலக்கிப் பார்த்த பிறகுதான் அவருக்குத் திருப்தி ஏற்பட்டதாம்! 1953-இல் இக்காருக்குத் தம்பியாக, கால் தொன் பாரம் ஏற்றும் சிறு வான் ஒன்று வந்தது. முகம் காரின் முகந்தான்; முதுகு வேறு. காரில் உடற்கூடே பாரம் தாங்கும். வானுக்கோ அடியில் தனியான இரும்புச் சட்டம் உண்டு. பிரித்தானியத் தபாற் பகுதியார் இதனை ஏராளமாக வாங்கினர். தொடக்கத்தில் அவர்கள் பெற்ற வான்களில் முன் மட்காட்கள் இறப்பரால் ஆனவை. இடிபட்டால் நசுங்காமல் மீள வேண்டுமல்லவா?

இலங்கையில் இவ்வண்டிகள் நீடித்த கதை சுவையானது. 1960-களில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றிப் புதுக் கார் இறக்குமதி அடைபட்டது. உள்ளதைக் கொண்டே ஓட்ட வேண்டிய நிலை. உதிரிப்பாகம் கிடைக்காதபோது கராஜ் பாஸ்மார் தகட்டை வெட்டி, மரக்கட்டையில் வைத்துச் சுத்தியலால் தட்டி, மட்காட்டையும் கதவடியையும் தாமே உருவாக்கினர். வறுமை கற்பித்த வித்தை என்றுதான் சொல்ல வேண்டும். பின்னர் நடந்ததைப் பாருங்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் 1976-இல் மொறிஸ் மைனர் நிலையத்தை நிறுவிய சார்ல்ஸ் வெயர், தம் நாட்டில் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கத் தேவையான பாகங்களைச் செய்விக்க 1990-களில் இலங்கைக்கே வந்தார். வண்டியைப் பெற்ற நாடு, அதன் தகட்டுக்கு வளர்த்த நாட்டின் கையை நாடியது!

பழைய வான் ஒன்றைப் புதுப்பிக்க எண்ணும் அன்பர்கள் பளபளக்கும் பூச்சைக் கண்டு மயங்கலாகாது. மூடுபனியும் மழையும் ஓயாத மலைநாட்டில் துருவே முதற்பகை. மட்காட்டின் பொருத்துவாய், காலடித் தகடு, பின் வில்லுகள் கோக்கப்படும் இடம் ஆகியவற்றை முதலில் நோக்குக. சிறு காந்தம் ஒன்று போதும். ஒட்டாத இடத்தில் இரும்பில்லை, புட்டிதான் இருக்கிறது. அதனைச் சுரண்டி, துருவை வெட்டி, நல்ல தகடு வைத்து ஒட்டிய பின்னரே வர்ணத்தைப் பற்றிப் பேச்சு.

இன்னொன்று, இதைவிட முக்கியம். முதல் வான்களின் எஞ்சின் 803 கன சென்ரிமீற்றர்தான். ஏற்றத்தில் மெல்லப் போகும், அவ்வளவே. இறக்கந்தான் ஆபத்து. பிறேக்கின் தலைமை உருளை சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே, சேறும் நீரும் படும் இடத்தில் ஒளிந்திருக்கிறது. நாலு சக்கரங்களுக்கும் எண்ணெய் ஒரே வழியாய்ச் செல்வதால், ஓரிடத்தில் கசிந்தால் கால் பிறேக் முழுவதும் போய்விடும். மிஞ்சுவது கைப்பிறேக் மட்டுமே. ஆகவே உருளையையும் குழாய்களையும் கழற்றிப் புதுப்பித்துவிட்டு, கீழ் கியரில் மெல்ல இறக்கிப் பார்த்த பின்னரே வீட்டாரை ஏற்றுக.